சுண்டெலி காணும் உலகம்

உயிரியல் பயிலும் என் பேத்தி, ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் காட்டி, "பாட்டி, இத்துறையை நான் மேற்கொள்ளலாமா?" என்று வினவினாள். எனக்கு எழுந்த சிந்தனையை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

திரையில் எண்ணற்ற புள்ளிகள் சிதறி ஓடுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி மட்டும் ஒரே திசையில் செல்கிறது. தனித்த புள்ளியைக் கொண்டு அத்திசையை அறிய இயலாது. பலவற்றின் ஓட்டத்தை ஒருங்கே உணர வேண்டும். சுண்டெலியின் மூளை இதனை எவ்வாறு உணர்கிறது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தார் ஆராய்ந்து, 2020-இல் வெளியிட்டனர். நரம்பணு செயற்படுங்கால் ஒளிருமாறு மரபணு மாற்றிய எலிகளை அவர்கள் பயன்படுத்தினர். அவ்வுணர்வு மூளைப் புறணியில் ஓரிடத்தில் ஒடுங்காமல், பல பகுதிகளில் ஏற்றத்தாழ்வுடன் பரவியிருந்தது. பார்வைப் பரப்பின் கீழ்ப்பாதியைக் காணும் நரம்பணுக்களே மிகுதியாகத் துலங்கின. ஓடும் எலிக்குத் தரையன்றோ விரைந்து பெயர்கிறது!

ஆசிரியப் பயிற்சியில் 'தூண்டல், துலங்கல்' என்று படித்தோம். கரும்பலகையில் இரண்டுக்கும் இடையே ஓர் அம்புக்குறி இட்டோம். அந்த அம்புக்குறியின் நடுவே உலகைக் காணும் ஓர் உயிர் இருப்பதை அன்று நான் எண்ணியதில்லை. இத்தகைய ஆய்வுகளில் அவ்வுயிரின் மண்டையோட்டைத் திறந்து கண்ணாடி பதிக்கின்றனர். தலையை அசையாது பிணிக்கின்றனர்.

பயன் இல்லையென்று கூறேன். மூளை நோயால் இயக்கத்தைக் காணும் திறனை மட்டும் இழந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினர். கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகவே அவருக்குத் தோன்றியது. சாலையைக் கடக்க அஞ்சினார். அவர் துயரும் துயரே.

தானே செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என்று தீவினைக்கு மூன்று வாயில்களை நம் அறம் கூறுகிறது. முதலிரண்டும் எனக்கில்லை. ஆயின் நாள்தோறும் நான் உண்ணும் இரத்த அழுத்த மாத்திரையும் விலங்குகளிடம் சோதித்த பின்னரே வந்தது. மூன்றாம் வாயிலில் நான் நிற்கிறேன். ஆகவே பேத்தியைக் கடிந்துரைக்க எனக்குத் தகுதியில்லை.

ரசல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1959-இல் மூன்று நெறிகளை வகுத்தனர்: உயிருக்கு மாற்றுக் காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். இவை கொல்லாமை ஆகா. அதனை நோக்கிய படிகள்.

பேத்தியிடம் கூறினேன்: "மாற்று வழி காணும் ஆய்வையே முதலில் தேடு. கிடைக்காவிடில், ஒவ்வோர் உயிரைத் தொடுமுன்பும் 'இது இன்றியமையாததா?' என்று கேள். அக்கேள்வி உன்னை உறுத்தாத நாளில் அத்துறையை விட்டு வந்துவிடு."

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. மாத்திரையை நானும் நிறுத்தவில்லை.