ஊழியம், உத்தியோகம், தொண்டு

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். செய்யும் வேலை எதுவென்பதிலும் பார்க்க, அது யாருடைய வேலை என்பதே பெருமை தருமென்று அது சொல்லாமற் சொல்லுகின்றது. இவ்வெண்ணம் இம்மண்ணில் எவ்வாறு வேரூன்றியது?

யாழ்ப்பாணம் 1619 இல் போர்த்துக்கேயர் வசமும், 1658 இல் ஒல்லாந்தர் வசமும், 1795 இல் ஆங்கிலேயர் வசமும் ஆயிற்று. கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். கந்தோரும் நொத்தாரிசும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. ஒல்லாந்தர் காலத்தில் சில சாதியாரிடம் பெறப்பட்ட கட்டாய உழைப்புக்கு 'ஊழியம்' என்று பெயர். கதிரையில் இருந்து எழுதுபவன் ஒருபுறம், வெயிலில் சுமை காவுபவன் மறுபுறம். உடலுழைப்பு இழிவு, எழுத்துவேலை உயர்வு என்ற பாடத்தை இக்காட்சி தலைமுறைகளுக்குப் புகட்டியது.

எனினும் பழி முழுவதையும் அந்நியர் மீது சுமத்துதல் நேர்மையாகாது. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள. அவை இந்நாட்டு வழக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இலேயே. அந்நியர் விதைத்தார்களாயின், நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பாடம் உத்தியோகமாக உருப்பெற்றது. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர்கள் சமயப்பணியை விட்டு அரச உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்ற குறையும் அதற்கொரு காரணம். நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது சைவமும் தமிழும் தழைப்பதற்காக. ஆயினும் துலா மிதித்துப் புகையிலைக்குத் தண்ணீர் பாய்ச்சிய தகப்பன், தன் மகன் மண்வெட்டி பிடிக்காமல் கொழும்பிலோ மலாயாவிலோ கிளாக்கராக வேண்டுமென்றே விரும்பினான். மழை பொய்த்தாலும் சம்பளம் பொய்க்காது என்பதை அறிந்தவனின் விருப்பம் அது. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்பாக அரச நியமனம் கோரி மாதக்கணக்கிற் போராடினர். போரினால் தொழில்கள் அழிந்த மண்ணில் அவர்களைக் குறைகூறுவது நீதியன்று.

அந்த உத்தியோகம் ஊருக்கு நன்மையும் செய்தது. கணக்கெழுதுதல், கூட்டக் குறிப்பு வைத்தல், யாப்பின்படி நடத்தல் ஆகிய பழக்கங்களை ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் ஊர்ச் சங்கங்களுக்கும் ஆலய பரிபாலன சபைகளுக்கும் கொண்டுவந்தனர். பொதுச்சொத்துக்கு அது காவல். ஆனால் அதனோடு பதவி மோகமும் வந்தது. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் தருமச் சொத்தைக் காக்கவும் வழிசெய்கின்றது. இன்று தலைவர், செயலாளர் பதவிகளுக்காக நீதிமன்றப் படியேறும் ஆலயங்கள் பல. தெரிவு நாளிற் கூடும் கூட்டம் சிரமதான நாளிற் கூடுவதில்லை.

இவ்விடத்தில் மூன்றாவது சொல் ஒன்று உண்டு. அது தொண்டு. உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் வீதிகளிற் புல் செதுக்கிய திருநாவுக்கரசு நாயனாரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை; எவரும் நியமிக்கவுமில்லை. ஊழியத்தில் அச்சம் உண்டு. உத்தியோகத்தில் ஊதியம் உண்டு. தொண்டில் இரண்டும் இல்லை.

ஆயினும் தொண்டு செய்யும் உரிமையே பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட வேண்டியிருந்ததை மறத்தலாகாது. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் பணி எத்தகையதாயினும் அது தொண்டாகாது.

மடப்பள்ளியிற் கிடாரம் கழுவுபவரும் சபையின் கணக்கை நேர்மையாக எழுதுபவரும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படும் நாளிலேதான் கோறணமேந்துக் கோழி இம்மண்ணை விட்டுப் போகும்.