மூன்று நாள் மௌனம்

2024 டிசம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு யூடியூப் உள்ளிட்ட சமூக வலைத்தளங்களில் யாரும் விமர்சனம் வெளியிடக் கூடாது என்று உத்தரவிட வேண்டும் என்பது கோரிக்கை. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. சட்டம் அப்படிச் சொன்ன பிறகும் அறம் கேட்கும் கேள்வி மிச்சமிருக்கிறது. பலருடைய பிழைப்பு ஊசலாடிக்கொண்டிருக்கும் ஒரு படைப்பைப் பற்றி, பார்த்த சூடு ஆறுவதற்குள் வாய் திறப்பது சரிதானா?

தயாரிப்பாளர்களின் மனக்குறையைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வட்டிக்கு வாங்கிய பணம், ஆண்டுக்கணக்கில் உழைப்பு, டைட்டிலில் ஓடும் நூற்றுக்கணக்கான பெயர்கள். இத்தனையும் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் நீளும் மைக்கின் முன் பத்து நொடியில் தீர்ந்துபோகிறது. 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தபோது, படம் ஏற்கெனவே மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. வார இதழ் அச்சாகி வரும்வரை எந்தப் படத்துக்கும் மூச்சுவிட அவகாசம் இருந்தது.

இப்போது இடைவேளை விளக்கு எரிந்தாலே போதும். பாப்கார்ன் வரிசையில் நிற்பவரின் கட்டைவிரல் செல்பேசியில் ஓடுகிறது: ‘ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் பார்ப்போம்.’ இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு வந்ததும் மறுபடியும் செல்பேசி வெளிச்சம்: ‘லேக்.’ அந்தப் பாட்டு முடிகிற இடத்தில் கதாநாயகி ஒரு முடிவு எடுக்கிறாள். அவர் அதைப் பார்க்கவில்லை, டைப் செய்துகொண்டிருந்தார். வெளியே வந்து, கிளைமாக்ஸ் கனெக்ட் ஆகவில்லை என்று மைக்கில் சொல்கிறார்.

அப்படியிருந்தும் மூன்று நாள் வாயைக் கட்டச் சொல்வது நியாயமாகாது. அந்த மூன்று நாளும் ஊரில் பேச்சே இல்லாத நாட்களா என்ன? ஃபர்ஸ்ட் லுக், டீசர், டிரெய்லர், இசை வெளியீட்டு விழா என்று மாதக்கணக்கில் ஒரு தரப்பு பேசிக்கொண்டே வந்திருக்கிறது. இதுவரை பார்த்திராத படம் என்று மேடைக்கு மேடை உறுதி கொடுத்திருக்கிறார்கள். பெரிய படங்களின் வசூலில் பெரும்பங்கு முதல் வார இறுதியிலேயே வந்துவிட வேண்டும் என்றுதான் வியாபாரமும் அமைந்திருக்கிறது. அந்த நாட்களில் பார்த்தவர் மட்டும் பேசக் கூடாது என்றால், டிக்கெட் வாங்கப் போகிறவருக்கு விளம்பரம் ஒன்றுதான் துணை. கேரள உயர் நீதிமன்றத்துக்கும் இதே போன்ற வழக்கு வந்தது. அங்கே நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று 2024இல் யோசனை சொன்னார். மணிக்கணக்கைக் குறைத்தாலும் குறை அதேதான். நால்வர் உள்ள குடும்பம் ஒருமுறை மல்டிபிளெக்ஸ் போய்வந்தால் டிக்கெட், தீனி, பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அதுவும் உழைத்த காசுதான். அது வீணாகாமல் இருக்க ஒரு வார்த்தை சொல்கிற பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

மௌனத்தால் சாகிற படங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1978இல் ‘முள்ளும் மலரும்’ வெளியானபோது முதல் சில வாரங்கள் கூட்டமில்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் தியேட்டர் நிறைந்தது. 1999 டிசம்பரில் வந்த ‘சேது’, வாங்க ஆளில்லாமல் நெடுநாள் பெட்டிக்குள் கிடந்து, சொற்பத் திரையரங்குகளில் வெளியாகி, வாய்வார்த்தையாலேயே எழுந்து நின்ற படம். இன்று அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் சிறு படத்தின் காட்சிகளைத் தியேட்டர்கள் குறைத்துவிடுகின்றன. பேனர் வைக்கக் காசில்லாத தயாரிப்பாளருக்கு முதல் நாள் பார்த்த முப்பது பேரின் வாய்தான் மூலதனம். மௌன விதி வந்தால் முதலில் அடிபடுவது அவர்தான்.

ஆகவே சீக்கிரம் சொல்வது குற்றமாகாது. எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. படத்தைப் பற்றிய அபிப்பிராயம் ஒருவகைச் சாட்சியம். கேட்கிறவர் அங்கே இல்லை, சொல்கிறவர் இருந்தார். அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறார். கண்டதைச் சொல்வதோடு எந்த நிலையில் கண்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சாட்சியம் முழுமையாகும். பாதியில் எழுந்து போனவர் அதைச் சொல்லிவிட்டுத் தாராளமாகத் திட்டலாம். எழுந்து போக வைத்ததும் படத்தின் குறைதானே. ஓடிடி வந்தபின் இந்தக் கடமை இன்னும் கூடியிருக்கிறது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ், செல்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. வசனமில்லாமல் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியை அந்த வேகத்தில் ஓட்டிவிட்டு, நடிப்பில் உணர்ச்சியே இல்லை என்பது பொய்ச்சாட்சி. சமையலுக்கு நடுவே காதால் மட்டும் கேட்ட தொடரை, ரயிலில் விட்டு விட்டுப் பார்த்த படத்தை அப்படித்தான் பார்த்ததாகச் சொன்னால் போதும். கேட்பவர் எடைபோட்டுக்கொள்வார்.

காசு வாங்கிக்கொண்டு பாராட்டுவதைப் பற்றி அதிகம் வாதாட இடமில்லை. பணமோ பரிசோ பெற்று ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சோப்புக்குப் பொருந்தும் அந்த நேர்மை சினிமாவுக்குப் பொருந்தாமல் போகக் காரணமில்லை. போட்டி நடிகரின் படம் என்பதற்காகப் பார்க்காமலேயே கரித்துக்கொட்டும் ரசிகரும் இதே கணக்கில்தான் வருகிறார். கூலி பணமாக வரவில்லை, அவ்வளவுதான். நடிகையின் உடல்வாகைப் பற்றிப் பேசுவது விமர்சனக் கணக்கிலேயே சேராது.

கதை முடிச்சை அவிழ்ப்பது வேறுவகைத் தவறு. 1954இல் வந்த ‘அந்த நாள்’ முதல் 2022இல் வந்த எட்டு எபிசோடு ‘வதந்தி’ வரை, கொலையாளி யார் என்ற கேள்வியில்தான் பார்ப்பவரின் மனம் தொங்கிக்கொண்டு வருகிறது. இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்த்து முடித்தவர் விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டுவிட்டால், மற்றவர்கள் இழந்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. சொன்னவருக்கோ ஒரு நொடிப் பெருமைக்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை.

மேலே சொன்ன எல்லாவற்றையும் கடைப்பிடித்த நேர்மையாளரின் தீர்ப்பும் தப்பாகலாம். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’, 2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இரண்டையும் அன்று பிடிக்கவில்லை என்றவர்கள் பொய் சொல்லவில்லை. பின்னால் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் மாறியவர்கள் ஏராளம். ‘எனக்கு ஒட்டவில்லை’ என்று சொல்லி வைத்தவருக்கு அப்படி மாறுவதில் சங்கடமில்லை. ‘படம் காலி’ என்று சங்கு ஊதியவருக்குத்தான் திரும்பி வர வழி அடைபட்டுப் போகிறது.

தயாரிப்பாளர்கள் கோபப்பட வேண்டிய இடம் தியேட்டர் வாசல் அல்ல என்பதற்கு 2024ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஜூலையில் ‘இந்தியன் 2’ வந்தது. படம் நீளம் என்று பார்த்தவர்கள் சொன்னதும் சில நாட்களிலேயே 12 நிமிடம் வெட்டப்பட்டது. நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது காது கிழிகிறது என்றார்கள். ஒலியளவைக் குறைக்கும்படி தியேட்டர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் படத்திலும் பின்னர் சில நிமிடங்கள் வெட்டப்பட்டன. முதல் நாள் டிக்கெட் வாங்கிய முகம் தெரியாத ஆள் சொன்னது சரியென்று படமெடுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றுதானே இதற்கு அர்த்தம்?

வெளியான பிறகு வெட்ட முடிந்ததை வெளியாவதற்கு முன்பே வெட்டியிருக்கலாம். அதற்குத்தான் பிரிவியூ காட்சி. ஆனால் அங்கே என்ன நடக்கிறது? விளக்கு எரிந்ததும் இயக்குநர் வாசலில் நிற்கிறார். வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து, ‘சார், பின்னிட்டீங்க’ என்கிறார்கள். மனசுக்குள் உறுத்திய இருபது நிமிடத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. அடுத்த பட வாய்ப்பு, பழகிய முகம், நல்ல நாளும் அதுவுமாக வருத்தப்படுத்துவானேன் என்ற இரக்கம். லைட்மேன் குடும்பம் பாதிக்கப்படுமே என்று விமர்சகரைப் பார்த்துக் கேட்கிறவர்கள் இந்தக் கட்டிப்பிடிப்பவர்களையும் பார்த்துக் கேட்க வேண்டும். எடிட்டர் இன்னும் மேஜையில் இருக்கும்போது, ‘அந்த ஃப்ளாஷ்பேக் இழுக்குது சார், பாதியாக்குங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்த ஓர் உதவி இயக்குநர் அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற நன்மையை மூன்று நாள் தடையுத்தரவு எதுவும் செய்துவிடாது.