இறந்தவர் யாருக்கு உரியவர்?

மே 19இல் இலங்கை அரசு படைவீரரை நினைவுகூர்கிறது. நவம்பர் 27 புலிகள் வகுத்த மாவீரர் நாள். ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரு நாள்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆயுதம் ஏந்தி மாண்டவரே தேசத்துக்கு உரியவர். மட்டக்களப்பு வாவிக்கரையில் 1990இல் மாண்ட பொதுமக்களுக்கு இரண்டிலும் இடமில்லை. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த வாரம் ஏறாவூரிலும் முஸ்லிம்களைக் கொன்றார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது; அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில், கைக்குழந்தைகள் உட்பட 180க்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். 2007இல் புலிகளிடமிருந்து குடும்பிமலையைக் கைப்பற்றியதை ‘கிழக்கின் உதயம்’ என்று அரசு கொண்டாடியபோது, அந்த உதயத்துக்கு முந்திய இரவில் தன் படை செய்தது எதையும் அது சொல்லவில்லை. தமிழ்த் தேசியமும் சத்துருக்கொண்டானைச் சொல்லும் குரலில் காத்தான்குடியைச் சொல்வதில்லை. தனக்கு இழைக்கப்பட்டதை மட்டும் நினைவில் வைக்கும் சமூகம், தான் இழைத்ததற்குப் பொறுப்பேற்கும் வலுவை இழக்கிறது.

சமயம் இறந்தவரை வேறுவிதமாக நினைக்கிறது. காத்தான்குடி ஆண்டுதோறும் ஓகஸ்ட் 3இல் தன் ஷுஹதாக்களுக்காக, உயிர்த்தியாகிகளுக்காக, பிரார்த்திக்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவருக்கு அந்த உயர்வைக் கொடுக்க மார்க்கம் ஆயுதத்தைக் கேட்பதில்லை. ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் பிதிர்க்கடன் செய்பவர் இறந்தவரின் கட்சியைச் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கடனைச் செய்யவும் ஓர் உண்மை தெரிந்திருக்க வேண்டும். வந்தாறுமூலையில் கொண்டுபோகப்பட்டவனின் தாய் எள்ளும் நீரும் இறைத்தால், மகன் இறந்தான் என்று அவளே தீர்ப்பெழுதியதாகிவிடும். அரசின் மௌனம் சடங்கையே தடுக்கிறது. இதைவிடக் கொடிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

எந்த நாடும் தன் வீரரைப் போற்றத்தானே செய்யும் என்பார்கள். போற்றட்டும், படைவீரனின் தாய்க்கும் துயரம் உண்டு. அவள் துயரை மதிக்க, பிறர் துயரை மறைக்க வேண்டியதில்லை. மறதியும் ஒரு தேசத்தை ஆக்குகிறது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனான் 1882இல் சொன்னதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். மறப்பதற்கும் முதலில் நடந்தது ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். வந்தாறுமூலையையும் சத்துருக்கொண்டானையும் அரசு நியமித்த ஆணைக்குழுவே விசாரித்திருந்தும் அந்த ஒப்புதல் வரவில்லை. தமிழர், முஸ்லிம்களின் பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்ற கவலை நேர்மையானது. ஆனால் தமிழரின் ஆரையம்பதியும் முஸ்லிம்களின் காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டும் தத்தம் இறந்தவரை மறக்கவில்லை, ஒன்றின் இறந்தவரை மற்றது கேட்டறியவில்லை.

பெப்ரவரி 4 தேசிய தினத்தில், பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் தனி நிகழ்வொன்று வேண்டும் என்று நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. 2015இல் அந்த நாளில் சமாதானப் பிரகடனம் ஒன்றும் வாசிக்கப்பட்டது. பொதுவான இரங்கல் போதாது. காத்தான்குடி, ஏறாவூர், வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் என்ற பெயர்கள், கொன்றவர் யார் என்பதோடு, ஒரே மூச்சில் அங்கே சொல்லப்பட வேண்டும். அதற்கு முன்பாக அந்த 158 குடும்பங்களுக்கும் பதில் போய்ச் சேர வேண்டும்.