பொருள் வரைதலும் ஒரு பழைய காரும்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக எண்ணப்படுவது பொருள் வரைதல். நிலம் இத்தனை வேலி, வீடு இத்தனை, பொன் இத்தனை எனத் தமக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு மேல் விரும்பாதிருத்தலே அவ்விரதம். எண்ணவும் அளக்கவும் தக்க பொருள்களுக்கு எல்லை வகுப்பது எளிது. ஆனால் இனி எவராலும் செய்யப்படாத ஒரு பொருளுக்கு எல்லை எது? இரண்டே இரண்டு இரும்புத் துண்டுகள் ஒருவனை மிகுபொருள் விரும்பியவனாக ஆக்கிவிடக் கூடுமா? இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. என் வீட்டு மரப்பெட்டியிலிருந்து எழுந்தது.

என் தந்தையார் 1970ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று வாங்கினார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரை அடியொற்றி, சென்னையைச் சார்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் அதனைச் செய்து வந்தனர். பிற்காலத்தில் நான்கு கதவுகளுடன் வெளிவந்த வடிவம் நம் நாட்டிற்கே உரியது. ஏறத்தாழ 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும் கார் ஆதலின், அக்கிரகாரத்துச் சந்துகளிலும் வாய்க்கால் கரைகளிலும் அதனை ஓட்டுவது எளிதாயிருந்தது. கரந்தையிலிருந்து மன்னார்குடி மல்லிநாதர் ஆலயத்திற்கும் தீபங்குடி ஆதிநாதர் ஆலயத்திற்கும் எங்கள் குடும்பம் சென்று வந்ததெல்லாம் அதில்தான். 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்றது. 1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. அதன்பின் ஒரு பாகம் பழுதுபட்டால், சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேட வேண்டும். அன்றேல் ஓடாமற் கிடக்கும் மற்றொரு காரிலிருந்து கழற்ற வேண்டும்.

அக்காரின் முன்சக்கரங்களில் நுட்பமான ஓர் அமைப்பு உண்டு. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது ட்ரன்னியன் எனப்படும் வெண்கலக் கட்டையினுள் முடுக்கப்பட்டிருக்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அம்மரையில்தான் தண்டு திரும்புகிறது. அதற்கு கிரீஸ் ஆகாது. கெட்டியான கியர் ஆயிலே இட வேண்டும். எண்ணெய் வற்றி நீர் புகுந்தால் எஃகு அரித்து, ஒருநாள் தண்டு முறிந்து, சக்கரம் வெளிப்புறமாக மடிந்துவிடும். வெண்கலக் கட்டையை நம் ஊர்க் கடைசல் பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம். எஃகுத் தண்டு அத்தகையதன்று. தகுந்த எஃகும் தகுந்த பதமும் இல்லாவிடின் அது உயிருக்கே உலை வைக்கும்.

காயலான் கடைக்குச் செல்லவிருந்த ஒரு ஹெரால்டிலிருந்து, பழுதற்ற தண்டுகள் இரண்டை நான் விலைக்கு வாங்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்திருந்தேன். 1994ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவரிடமும் அதே கார் இருந்தது. "ஐயா, தங்களிடம் தண்டு இருப்பதாகப் பட்டறை மேஸ்திரி சொன்னார். என்ன விலையானாலும் தருகிறேன், ஒன்று மட்டும் போதும்" என்று கேட்டார். நான் சிறிதும் தயங்காமல், "இருந்தது தம்பி, இப்போது இல்லை" என்றேன். அவர் காப்பி அருந்திவிட்டு, நன்றி கூறிச் சென்றார்.

அவர் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில், கைக்குக் கிடைத்த எஃகில் தண்டு கடைந்து பொருத்திக்கொண்டார். மூன்று வாரங்களுக்குப் பின், பாமணியாற்றங்கரைச் சாலையில் ஒரு திருப்பத்தில் அது முறிந்தது. மழை பெய்துகொண்டிருந்தமையால் கார் மெல்லச் சென்றது. கரையோரத்து மரத்தில் சாய்ந்து நின்றது. உடன் இருந்த அவருடைய அன்னையாருக்குத் தோள் எலும்பு முறிந்தது. மேஸ்திரி இதனை என்னிடம் கூறியபோது, என் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வளவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

அன்றிரவு நான் எனக்காக வழக்காடிப் பார்த்தேன். பொருள் என்னுடையது, விலை கொடுத்து வாங்கியது, தர மறுத்தல் களவாகாது. தகாத எஃகைக் கடைந்தவர் வேறொருவர், பொருத்திக்கொண்டவர் மற்றொருவர். எண்ணிக்கையை நோக்கினும், என்னிடம் இருந்தவை இரண்டே துண்டுகள். எந்த வரையறைக்கும் அவை உட்பட்டவையே. இவ்வாதங்கள் யாவும் ஒருவாறு நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை: மறுப்பது எனக்கு நியாயமாகத் தோன்றியிருந்தால், "இருக்கிறது, தர இயலாது" என்றன்றோ கூறியிருப்பேன்? பொய் எதற்குத் தேவைப்பட்டது? கேட்பவர்க்கு என்னினும் தேவை மிகுதி என்பதை என் உள்ளம் முன்னரே அறிந்திருந்தது. அவ்வறிவை மறைக்கவே அப்பொய். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில், பற்றி நிற்கும் மயக்கமே உடைமை என்று இலக்கணம் வகுத்தார். எண்ணிக்கையில் சிறியதாயினும் மயக்கத்தில் அது பெரிதாயிருந்தது. ஒரு விரதத்தில் ஏற்பட்ட ஓட்டை வாய்மை விரதத்தையும் உடைத்துவிட்டது.

"அந்தக் காரையே விற்றுவிடலாமே! பழைய பொருளைக் கட்டிக்கொண்டு அழுவதும் பற்றுத்தானே?" என்று என் மைத்துனர் கேட்டார். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் உள்ளதைச் செப்பனிட்டு உழைக்கச் செய்வது, புதிது புதிதாக வாங்குவதினும் அடக்கமான வாழ்வே. புதிய காருக்காக மண்ணைத் தோண்டி, இரும்பை உருக்கும்போது அழியும் உயிர்களும் உயிர்களே. அதே வேளையில், பழைய எஞ்சின் கக்கும் புகை மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே பழமை என்ற ஒன்றே அறமாகிவிடாது. அளவோடு ஓட்டி, ஒழுங்காகப் பேணினாலன்றி அதற்கு நியாயம் இல்லை.

"நாளை எனக்கே தேவைப்பட்டால்?" என்ற அச்சமும் பொய்யானதன்று. காவிரிப் படுகையில் பிறந்தவர் எவரும் விதைநெல்லைக் கோட்டை கட்டி வைப்பதைப் பதுக்கல் என்று சொல்லமாட்டார். பஞ்சத்திலும் விதைநெல்லைக் குற்றி உண்ணாதவனே உழவன். ஆனால் விதைநெல் விதைப்பதற்காக வைக்கப்படுகிறது. பருவம் கடந்தும் குதிரிலேயே கிடந்தால் முளைக்கும் திறனை இழந்து, விதை என்ற பெயருக்கும் தகுதியற்றுப் போகிறது. என் பெட்டியில் இருந்தது விதையா, வெறும் சேமிப்பா என்பதே வினா.

இதற்கு விடை நம் முன்னோரிடமே உள்ளது. 1880களில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தார். அவர் சைவ மரபில் கற்றவர்; சமணக் கருத்துகள் அவருக்குப் புதியவை. அப்போது கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்கள், வேற்றுச் சமயத்தார் என்று கருதாமல், அவருடைய ஐயங்களைத் தெளிவித்தனர். ஏடுகளும் அவருக்குக் கிடைத்தன. 1887இல் நூல் அச்சேறியது. ஓலையைச் செல்லரிக்கும், புதிதாகப் படி எடுப்போரும் அருகி வந்த காலம் அது. எங்களுடையது என்று ஏட்டைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தால், காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டே அழிய விட்டிருப்பார்கள். கொடுத்தமையால் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. நூல் பல்லாயிரம் கைகளுக்குச் சென்றது.

மறுவாரம் நான் இரு தண்டுகளையும் எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் பேருந்தில் சென்றேன். அவ்வம்மையார் கையைத் தூளியில் இட்டு, திண்ணையில் அமர்ந்திருந்தார். நடந்ததை ஒளியாமல் கூறி, மன்னிப்பு வேண்டினேன். இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அன்றைக்கே இல்லை, தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட, வேறு இடத்தில் தேடியிருப்பேன் ஐயா. எங்குமே இல்லை என்று நினைத்துத்தான் கடைந்தேன்" என்றார். என் வழக்காட்டில் நான் எண்ணிப் பாராத குற்றம் அது. அம்மையார் மட்டும், "கொண்டு வந்துவிட்டீர்களே, உள்ளே வாருங்கள்" என்றார்.

ஒன்றை அவர் தம் காருக்கு வைத்துக்கொண்டார். மற்றதை மாதிரியாகக் கோவைப் பட்டறை ஒன்றிற்கு அனுப்பினோம். அவர்கள் அளவெடுத்து, ஈ.என். 24 எஃகில் கடைந்து, பதமேற்றி, நான்கு தண்டுகள் செய்து தந்தனர். மாதிரி திரும்பி வந்தது. பின்னர் வேறு ஊர்களுக்கும் சென்று வந்தது. இங்கிலாந்தில் உரிமையாளர் சங்கங்களும் சிறு தொழிலகங்களும் இவ்வாறே பழைய பாகங்களைப் புதிதாகச் செய்து வருவதால், இன்று அங்கிருந்தும் தருவிக்க முடிகிறது. நம் நாட்டு நான்கு கதவு வடிவத்திற்கே உரிய கதவுகளுக்கும் கண்ணாடிகளுக்கும் அவ்வழி இல்லை; அவற்றை நாமே ஒருவருக்கொருவர் கொடுத்து உதவினால்தான் உண்டு.

அக்கார் இன்றும் எங்கள் வீட்டில் உள்ளது. மாதம் இருமுறை ஓடுகிறது. 2023 முதல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்பட்டு வருவதால், பழைய ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் விரைவில் கெடக்கூடும். அவற்றிற்கு ஏற்ற ரப்பரைத் தேடி மாற்ற வேண்டியதாயிற்று. மரப்பெட்டியும் இருக்கிறது. அதன் மூடியின் உட்புறம், உள்ளே இருப்பவற்றின் பட்டியலை ஒட்டி வைத்து, அதன் படியை மேஸ்திரியின் பட்டறையிலும் மாட்டியிருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் 'இல்லை' என்ற சொல்லை நான் இனிச் சொல்ல முடியாது. அப்பட்டியலே எனக்கு வாய்த்த பொருள் வரையறை.

அந்த அன்னையாரின் தோள் மழைக்காலங்களில் இறுதிவரை வலித்துக்கொண்டிருந்ததாக அவர் மகன் கூறினார்.