கைக்கும் ஒரு கல்வி உண்டு

விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டில் மண் பொம்மைகளும் காகிதக்கூழ்ச் சிலைகளும் செய்யும் குடும்பங்கள் உண்டு. அப்பக்கத்துச் சிற்றூர்களில் அகலும் சட்டியும் வனைவோரும் இருக்கின்றனர். அத்தகைய குயவர் ஒருவர் வீட்டு முற்றத்தில், ஐம்பதைக் கடந்த வயதில், நாம் மாணவராய் அமர்ந்தோம். மதரஸா விடுமுறை நாட்களில் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி அங்குச் செல்வதைக் கண்டு நண்பர்கள் சிரித்தனர்.

நம்மை அங்கே அனுப்பியது ஒரு கிதாபின் பெயர். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த பக்தாத் பேரறிஞர் இமாம் குதூரி (ரஹ்) அவர்களின் ‘முக்தஸர்’ என்னும் ஹனஃபி சட்ட நூலை நாம் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். ‘குதூர்’ என்றால் சமையற் பானைகள். பானை செய்வதோ விற்பதோ குலத்தொழிலாய் இருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். இவ்விளக்கத்தை ஆண்டுதோறும் சொல்லிவந்த நாம், ஒரு பானை உருவாவதை அருகிருந்து கண்டதில்லை. அந்த வெட்கமே நம்மைச் சக்கரத்தின் முன் உட்கார வைத்தது.

பார்வைக்கு எளிதாய்த் தோன்றிய வேலை கைக்கு எளிதாய் இல்லை. சுழலும் சக்கரத்தின் நடுவே மண் உருண்டையை அசையாமல் நிறுத்துவதே முதற்பாடம். நம் உருண்டையோ ஒரு பக்கம் சாய்ந்தது. விரலை அழுத்தினால் கிழிந்தது. முதல் நாள் முழுதும் ஓர் அகல்கூடத் தேறவில்லை. நம்மினும் மூத்த அக்குயவர் கோபிக்கவுமில்லை, கேலி செய்யவுமில்லை. “பாய், மண்ணு நடுவுல உக்காந்தாத்தான் சக்கரம் உங்க பேச்சைக் கேக்கும். இன்னொரு உருண்டை எடுங்க” என்றார். அன்று அதே சொல்லை எத்தனை முறை சொன்னாரோ!

இங்கே ஒரு கேள்வி எழும். ஒரு தொழிலில் கை ஊறிப்போனவர் மற்றொன்றில் தேர்ச்சி பெறுவது அரிது என்று இப்னு கல்தூன் (1332–1406) தமது ‘முகத்திமா’வில் கூறுகிறார். தையற்கலையில் ஊறியவர் தச்சுவேலையிலோ கட்டட வேலையிலோ சிறப்பது கடினம் என்பது அவர் காட்டும் உதாரணம். அப்படியாயின், முப்பதாண்டு எழுதுகோலும் கிதாபும் பிடித்த கை களிமண்ணைத் தொட்டு ஆவதென்ன?

அவர் கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் பேசுவது தேர்ச்சியைப் பற்றி. கற்றலின் பயன் தேர்ச்சி ஒன்றுதானா? இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. முப்பது வயதளவில் கல்விக்கு வந்து, ஷாஃபிஈ மத்ஹபின் பெருந்தூண்களுள் ஒருவரானார். அத்தகைய உயரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், தெரியாதவனாய் மீண்டும் ஒருமுறை உட்காரும் பேறு எவருக்கும் வாய்க்கும். மண்ணுக்கு நம் வயது தெரியாது, பட்டம் தெரியாது. சரியாகச் செய்தால் நிற்கும், தவறினால் விழும். அந்த நேர்மையின் முன் நிற்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

அதனுடன் ஒரு வேதனையும் கலந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ‘ஸர்ஃபு’ பாடத்தில் வினைச்சொல் வாய்பாட்டை ஒப்பிக்க இயலாமல் திணறிய மாணவன் ஒருவன் இருந்தான். “உனக்குக் கல்வி வராது” என்று எல்லோர் முன்னும் சொன்னோம். மறுவாரம் அவன் வரவில்லை. பிறகும் வரவேயில்லை. சரிந்த மண்ணை வழித்தெடுத்தபோது அவன் முகம் நினைவில் எழுந்தது. ‘இன்னொரு முறை சொல்லு, தம்பி’ என்ற ஒரு சொல் அன்று நம் வாயில் இல்லை. அதைக் கற்க நாம் குயவரிடம் வரவேண்டியிருந்தது.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. நமக்கு இது மகிழ்ச்சி. அவருக்கு இது வயிற்றுப்பாடு. கார்த்திகைக்கு அகல் தேவைப்படும் காலமே வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஆகும். மண் காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அந்தக் கவலையை அறிந்தபின், கடைத்தெருவில் சட்டிக்குப் பேரம் பேச நமக்கு நா எழவில்லை. கைத்தொழிலைப் புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பவர் அத்தொழிலுக்கு நண்பர் அல்லர்.

நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பில் உண்டார்கள் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அறிந்தது போதாது; அவர்கள் கை ஏதேனும் ஒன்றைச் செய்து பழகட்டும். தையலோ, பாய் முடைதலோ, கிதாபுக்கு அட்டை கட்டுவதோ, எதுவாயினும் சரி. பெரியவர்களும் கூடவே உட்காரட்டும். தவறும் கையைப் பொறுத்துக்கொள்ள, தவறிய கைக்கே தெரியும்.