மொழி கற்கப் புறப்படும் பிள்ளைகள்



"மொழியியல் படிக்க மலைக்கிராமத்துல போய்த் தங்கணுமாம் ஹஜ்ரத், இதுல என்ன பிரயோஜனம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பயனற்ற கல்வியை விட்டும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஆனால், பயன் என்றால் சம்பளம் மட்டும்தானா?

மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சூரா ரூம் 22வது ஆயத்தில் சொல்கிறான். இத்தனை பேர் பேசினால்தான் அது அத்தாட்சி என்று எல்லை வைக்கவில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தூய அரபி கற்க ஹுதைல் கோத்திரத்தாரிடம் போய்த் தங்கினார்கள் என்று வரலாறு சொல்கிறது.

எமனோ என்ற அறிஞர் 1935 முதல் 1938 வரை நம் நாட்டில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கற்றார். தோடர்கள் அன்று ஆயிரம் பேர்கூட இல்லை. பெரிய பட்டம் பெற்றவர், எழுத்தில்லாத மொழி பேசும் மக்கள் முன் மாணவராக உட்கார்ந்தார். பெருமையை உடைக்கும் கல்வி இது! பர்ரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961ல் வெளிவந்தது.

அதே 1961ஓடு நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. தோளாயிரம் பார் எது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். குளித்தவர்கள் மவுத்தாகும்போது அவர்களின் சொற்களும் கஃபனுக்குள் போய்விடுகின்றன.

எனவே, நிய்யத் சரியாக இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். பிள்ளைகளே! உங்களை நம்பியிருக்கும் பெற்றோரின் ஹக்கு முந்தியது. அந்த மக்கள் தரும் சொல் அமானிதம்; பட்டம் வாங்கியதும் அவர்களை மறந்துவிடாதீர்கள். போக முடியாதவர்கள், கடலுக்குப் போய் வந்த நம் பெரியவர்களிடம் இன்றே உட்காருங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.