தோளில் கட்டும் தொழுகையாளியின் தூய்மையும்



ஹிஜ்ரி 3-ல் நடந்த உஹதுப் போரில் நாயகம் (ஸல்) அவர்களைச் சூழ்ந்து நின்று காத்தவர்களில் உம்மு உமாரா நுஸைபா (ரலி) அவர்களும் ஒருவர். இப்னு கமீஆ என்பவன் வெட்டிய வெட்டு அந்த அம்மையாரின் தோளில் ஆழமாக இறங்கிற்று. மறுநாள் ஹம்ராவுல் அஸதுக்குப் புறப்பட அழைப்பு வந்தபோது ஆடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழ முயன்றார்கள். இரத்தம் நிற்கவில்லை, போக முடியவில்லை. திரும்பி வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் தம் வீடு போய்ச் சேருமுன்பே ஆளனுப்பி அவர்களுடைய நலம் விசாரித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தத் தோளுக்கு ஓராண்டு காலம் மருத்துவம் நடந்தது. பிற்காலத்தில் குழிந்து போன அந்தத் தழும்பைக் கண்ட ஒரு பெண்மணி, இப்படிச் செய்தது யார் என்று கேட்டாராம்.

ஓராண்டு! நம்மவர்களுக்கோ ஒரு மாதம் பொறுப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

இன்று மதுரையிலேயே முழங்கால் மூட்டைப் போலத் தோள் மூட்டையும் மாற்றுகிறார்கள். தேய்ந்த எலும்பை எடுத்துவிட்டு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்துகிறார்கள். தோளின் முன்புறம் நீளமாக ஒரு தையல் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், காஜிமார் தெருவானாலும் மேலூர்ப் பக்கத்துக் கிராமமானாலும், பெரியவர்களுக்கு முதல் கவலை இதுதான்: “கட்டுப் போட்டிருக்கே, உளூ கூடுமா?” “அத்தா, தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு” என்று மகன் தடுத்தால், “டாக்டரா நாளைக்குக் கேள்வி கணக்குக்குப் பதில் சொல்வார்?” என்று கோபம் வருகிறது.

பெரியவரே, சற்றுப் பொறுங்கள். உளூவில் கையைக் கழுவ வேண்டிய எல்லை முழங்கை வரை என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் வரையறுத்துவிட்டது. தோள் அதில் சேராது. கட்டு தோளோடு நின்றால் உங்கள் உளூவுக்கு ஒரு குறையும் இல்லை. மேல்கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி முழங்கையை மட்டும் நீட்டினால், வீட்டிலுள்ளவர் தண்ணீர் ஊற்றட்டும். நாயகம் (ஸல்) அவர்களுக்கே முகீரா (ரலி) அவர்கள் உளூவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

கடமையான குளிப்பில்தான் கவனம் வேண்டும். மற்ற உடம்பைக் கழுவிக்கொண்டு, கட்டின் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்ய வேண்டும். அதுவும் புண்ணுக்குத் தீங்கு என்றால் ஹனபி மத்ஹபில் மஸ்ஹும் விலகிவிடும். கீழக்கரைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து வாழும் ஷாபிஈ குடும்பத்தார் மஸ்ஹோடு தயம்முமும் சேர்த்துச் செய்வார்கள். மற்ற விவரங்களைத் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஜும்ஆக் குளிப்பு சுன்னத்து. அதற்காகக் கட்டை நனைப்பது எந்த மத்ஹபிலும் கேட்கப்படாத காரியம்.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்றார்கள். குளித்தார், இறந்து போனார். செய்தி கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவரை இவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டு, தெரியாதவர் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டாமா என்றார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது.

தையல் வழியே உள்ளே போகும் கிருமி தோலோடு நிற்பதில்லை; உலோக மூட்டில் போய்த் தங்கிவிடும். அப்புறம் மருந்து மட்டும் போதாமல் மூட்டையே கழற்ற நேரிடலாம். 1893-ல் பாரிஸில் பியான் என்ற மருத்துவர் ஒரு ரொட்டிக் கடைத் தொழிலாளிக்குப் பொருத்திய முதல் செயற்கைத் தோளை, நோய்க் கிருமியின் காரணமாகவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே தையல் பிரிக்கும் வரை, பொதுவாக இரண்டு வாரம், டாக்டர் அனுமதிக்காமல் அந்த இடம் நனைய வேண்டாம். மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். உஹதில் ஃபாத்திமா (ரலி) அவர்கள் பாய் எரித்த சாம்பலை வைத்து இரத்தத்தை நிறுத்தினார்களே என்று சிலர் கேட்கக்கூடும். அன்று கைக்கு எட்டிய மருந்து அது. அல்லாஹ் இன்று வேறு மருந்தைத் தந்திருக்கிறான். நம் ஊர் வெயிலில் அக்குளில் வியர்வை தேங்கும்; சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். சிவப்புப் பரவினாலும், சீழ் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்குள் முடியை நாற்பது நாளைக்குள் களைவது சுன்னத்துதான். அறுவை செய்த பக்கம் கையைத் தூக்கக்கூடாத காலத்தில் அதைத் தள்ளிப்போடுவது தகுந்த காரணமே. பிளேடு கீறி அங்கே ஒரு புண் வந்தால் யாருக்கு நஷ்டம்?

தக்பீரில் கையை உயர்த்துவது சுன்னத்து. முடிந்த கையை மட்டும் உயர்த்துங்கள். ஸஜ்தாவில் அந்தக் கையை ஊன்றிப் பாரம் போடவோ, அதை ஊன்றி எழவோ கூடாது. இயலாதவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம். நோயுற்றிருந்த இம்ரான் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்களே இந்த வழியைக் காட்டினார்கள்.

புண் முழுதும் ஆறிக் கட்டை எடுத்துவிட்டால் மஸ்ஹுச் சலுகையும் முடிந்தது. கடமையான குளிப்பில் தழும்பின் மேல் தண்ணீர் ஓட வேண்டும். தழும்பு மென்மையாக எண்ணெய் தடவி நீவச் சொல்லியிருந்தால், அந்த எண்ணெய்ப் பிசுக்குக் குளிப்புக்குத் தடையல்ல. தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கான் பட்டையை மட்டும் குளிக்குமுன் எடுத்துவிட்டு, உடம்பு உலர்ந்த பின் மறுபடி ஒட்டிக்கொள்ளுங்கள்.